போத்தல் ரொக்கெட்: தண்ணீரும் காற்றும் சொல்லித்தரும் பாடம்

ரொக்கெட் என்ற சொல் எம்மவர் காதில் நல்ல சொல்லாக விழுவதில்லை. பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை எனத் தொடரும் இந்தக் கரையோர ஊர்களில் நடுவயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும், அச்சொல் ஷெல், குண்டு, ஓட்டம், பதுங்குகுழி என்ற சொற்களுடன் சேர்ந்தே நினைவுக்கு வரும். விதைத்த வயலையும் இருந்த வளவையும் விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இதைப்பற்றி நாம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அதே வீட்டில் வளரும் பிள்ளைக்கு அச்சொல்லின் பொருள் வேறு. 2009க்குப் பின் பிறந்த பிள்ளை, ரொக்கெட் என்றால் வானத்துக்குப் போவது என்றே அறிந்திருக்கிறது. 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி இந்தியாவின் சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவப் பகுதிக்கு அருகில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளை, "அது எப்படி மேலே போனது?" என்று கேட்கிறது. பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். ஒருவருக்கு அச்சம், மற்றவருக்கு ஆவல். ஒரு கூரையின் கீழ் ஒரே சொல் இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு பாலம் போடலாம் என்பதே எமது எண்ணம். அதற்கு வெடிமருந்து வேண்டாம், பெரும் பணம் வேண்டாம். ஒரு சோடாப் போத்தல், அரை லீற்றர் தண்ணீர், காற்றடிக்கும் பம் ஒன்று, ஒரு விடுமுறைக் காலை ஆகியவை போதும். அதைச் செய்யும் முறையைச் சொல்லுமுன், ரொக்கெட்டின் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

ஒரே கருவி, இரண்டு முகம்

ரொக்கெட் தான் எதைச் சுமக்கிறது என்பதை அறியாது. 18ஆம் நூற்றாண்டில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் மருந்தடைத்த ரொக்கெட்டுகளை ஆங்கிலேயப் படைகளுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று ஆராய்ந்து, தமது போர்களுக்கென்று புதிதாகச் செய்துகொண்டார்கள். அது ஒரு முகம்.

மறுமுகம் விவசாயிக்கு நெருக்கமானது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பு, அம்பாறைக் கரையைச் சிதைத்த சூறாவளியை எமது மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அப்படியொரு புயல் நடுக்கடலில் சுழலத் தொடங்கும்போதே செய்மதிப் படம் அதைக் காட்டிவிடுகிறது. மழை வருமா, விதைக்கலாமா, வெட்டிய நெல்லைக் களத்தில் விடலாமா என்று நாம் வானொலியில் கேட்கும் வானிலை அறிக்கைக்குப் பின்னால் அந்தச் செய்மதி இருக்கிறது. அதை மேலே ஏற்றியது ஒரு ரொக்கெட். எம்மை ஓடச் செய்த பொருளின் உறவுக்காரன்தான் எம் பயிரையும் காக்கத் துணைசெய்கிறான்.

தும்பாவில் நடந்தது

கடலுக்கு அப்பால், திருவனந்தபுரத்துக்கு அருகில் தும்பா என்ற மீனவ ஊர் இருக்கிறது. பூமியின் காந்த மத்திய கோடு அவ்வூருக்கு மிக அருகாகச் செல்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலுள்ள உயர் வளிமண்டலத்தை ஆராய அது நல்ல இடம் என்று கலாநிதி விக்ரம் சாராபாயும் அவரது குழுவினரும் கண்டார்கள். புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் இடையில் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. அந்த நிலத்தின் நடுவே புனித மகதலா மரியாள் ஆலயம் இருந்தது. சுற்றிலும் மீனவர்களின் குடியிருப்புகள் இருந்தன.

1962ஆம் ஆண்டளவில் அக்காலத்துத் திருவனந்தபுரம் ஆயர் பீற்றர் பேர்னாட் பெரேராவிடம் சாராபாய் சென்று இடத்தைக் கேட்டார். ஆயர் உடனே விடை சொல்லாமல், ஞாயிறு வழிபாட்டுக்கு வரச்சொல்லி, மக்கள் முன்னிலையில் அந்த வேண்டுகோளை வைத்து அவர்களின் சம்மதத்தைக் கேட்டார் என்று கலாநிதி அப்துல் கலாம் பிற்காலத்தில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். மக்கள் சம்மதித்தார்கள். மீனவக் குடும்பங்கள் வேறிடத்தில் குடியேறின. அங்கே அவர்களுக்குப் புதிய ஆலயமும் எழுந்தது.

பழைய ஆலயம் இடிக்கப்படவில்லை. ரொக்கெட்டின் பகுதிகளைப் பொருத்தும் வேலை அதற்குள்ளேயே நடந்தது. செபக்கூடமே தமது முதலாவது ஆய்வுகூடம் என்றும், ஆயரின் அறையே வரைபடம் வரையும் அறை என்றும் கலாம் எழுதியிருக்கிறார். அவர் இராமேஸ்வரத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் 1931இல் பிறந்தவர், படகு வைத்திருந்தவரின் மகன். கத்தோலிக்க ஆலயத்துக்குள் ஒரு முஸ்லிம் இளைஞரும் பல சமயத்தவரான அவரது தோழர்களும் சேர்ந்து வேலைசெய்தார்கள் என்பதை, தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழும் எமது கரையோரம் மனதில் வைக்கத்தக்கது.

1963 நவம்பர் 21ஆம் திகதி மாலை, அமெரிக்கா வழங்கிய நைக்-அப்பாச்சி ரொக்கெட் தும்பாவிலிருந்து எழுந்தது. ஏவுவதற்கு நேரம் நெருங்கியபோது, ரொக்கெட்டைத் தூக்கும் பாரந்தூக்கியில் எண்ணெய் கசிந்தது. பழுதுபார்க்க நேரமில்லை. எல்லோரும் கைகொடுத்துத் தூக்கித்தான் ரொக்கெட்டை ஏவுதளத்தில் நிறுத்தினார்கள். நான்கு வருடங்களின் பின், 1967 நவம்பர் 20ஆம் திகதி, இந்தியா தானே செய்த முதலாவது ரோகிணி ரொக்கெட் அங்கிருந்து பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீற்றர். எமது வீட்டில் கிடக்கும் ஒன்றரை லீற்றர்ச் சோடாப் போத்தல் அதைவிடச் சற்று அகலமானது!

இக்கதையை இடம்பெயர்ந்த மக்கள் வேறு கண்ணோடும் வாசிப்பார்கள் என்பதை நாம் அறிவோம். கேட்டு நிலம் வாங்குவதற்கும் விரட்டி நிலம் எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தும்பாவில் மக்களிடம் கேட்கப்பட்டது. எனினும் கேட்டுப் பெற்றாலும், கடலோடு ஒட்டிய வீட்டை விட்டுப் போவது இலகுவான காரியமல்ல. இந்திய விண்வெளி முயற்சியைப் பற்றிப் பேசுபவர்கள் விஞ்ஞானிகளின் பெயரைச் சொல்வதோடு, இடம்விட்ட அந்த மீனவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் சுவர்கள் அந்த மக்களையும் நினைவூட்டுகின்றன.

சப்பாத்துக் கடைக்காரரின் சிறு ரொக்கெட்

தும்பா முயற்சி தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்னதாகவே, அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான மாதிரி ரொக்கெட் பிறந்துவிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் நோர்போக் என்ற ஊரில் சப்பாத்துக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல் என்பவர், விமான மாதிரிகளில் ஆர்வங்கொண்ட தமது சகோதரருடன் சேர்ந்து 1954இல் அதைச் செய்தார். 1957இல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் செய்மதி பறந்தபின், அந்நாட்டுச் சிறுவர் பலர் தாமே மருந்து கலந்து இரும்புக் குழாயில் அடைத்துக் காயப்பட்டார்கள். அதைத் தடுக்க விரும்பிய ஹரி ஸ்டைன் என்ற பொறியியலாளர் கார்லைலின் முறையைப் பரப்பினார். 1958இல் வேர்ன் எஸ்ரிஸ் என்பவர், கடதாசிக் குழாயில் மருந்தை ஒரே அளவாக அடைத்துத் தரும் இயந்திரமொன்றை அமைத்தார். அதன்பின் பெட்டியில் வரும் ரொக்கெட் தொகுதிகள் பெருகின.

அப்படிப்பட்ட பெட்டியைத் திறந்தால் ஒரு கடதாசிக் குழாய், பிளாஸ்ரிக் அல்லது இலேசான மரத்தாலான முனைக் கூம்பு, மூன்று நான்கு செட்டைகள், சிறிய பரசூட் ஆகியவை இருக்கும். ஒட்டிக் காயவைத்து, அடியில் மருந்துக் குழாயைச் செருகி, மெல்லிய கம்பி வழிகாட்ட நேராக நிறுத்தி, ஐந்து மீற்றருக்கு அப்பால் நின்று மின்கலத்தின் உதவியால் பற்றவைப்பார்கள். மருந்து ஓரிரு விநாடியில் எரிந்துவிடும். ரொக்கெட் தான் பெற்ற வேகத்திலேயே மேலும் ஏறி உச்சிக்கு வரும்போது, உள்ளிருக்கும் சிறு மருந்து முனைக் கூம்பைத் தள்ளிப் பரசூட்டை வெளியே விடும். அது மெல்ல இறங்கிவர, மறுபடியும் பறக்கவிடலாம்.

எமக்கு ஏற்றது எது?

நல்ல விளையாட்டுத்தான். ஆனால் எமது இடத்துக்கு அது பொருந்தாது. முதலாவது காரணம் சட்டம். எமது நாட்டில் வெடிபொருட்கள் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டவை. இரண்டாவது காரணம் எமது வரலாறு. வீட்டில் மருந்து கலப்பது எந்த நாட்டிலும் ஆபத்தானது. போர் நடந்த மண்ணிலோ, கண்டெடுத்த எதையாவது பிரித்து மருந்தெடுக்கும் எண்ணம் ஒரு பிள்ளைக்கும் வரக்கூடாது. வயலிலோ பற்றையிலோ கடற்கரையிலோ அறியாத உலோகப் பொருள் கிடந்தால் தொடாமல், கல்லெறியாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களுக்கும் பொலிசாருக்கும் அறிவிக்க வேண்டும். ரொக்கெட் பாடத்தின் முதல் வரியாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

தீயில்லாமலும் ரொக்கெட் பறக்கும். தண்ணீரையும் காற்றையும் கொண்டு பறப்பதால் அதை நீர் ரொக்கெட் என்கிறார்கள். ஆசிய பசுபிக் நாடுகளின் விண்வெளி நிறுவனங்கள் கூடும் மன்றம் 2005இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கென நீர் ரொக்கெட் நிகழ்வைத் தொடங்கியது. இலங்கைப் பிள்ளைகளும் அதில் பங்குபற்றியிருக்கிறார்கள். இங்கே மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகம் அதற்கான போட்டிகளை நடத்தி வந்திருக்கிறது. கொழும்புப் பிள்ளைகள் செய்வதை எமது பிள்ளைகளும் செய்யலாம்.

செய்யும் முறை

சோடா, கோலா போன்ற வாயு நிரப்பிய பானம் வந்த ஒன்றரை லீற்றர்ப் பிளாஸ்ரிக் போத்தல்கள் இரண்டு எடுங்கள். அவை அமுக்கத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை. குடிதண்ணீர் வரும் மெல்லிய போத்தல் உதவாது. கண்ணாடிப் போத்தலை நினைக்கவே கூடாது. இவற்றோடு றப்பர்த் தக்கை ஒன்று, பழைய மோட்டார் சைக்கிள் ரியூபிலிருந்து வெட்டிய வால்வு ஒன்று, பழைய ரெனிஸ் பந்து, பழைய பிளாஸ்ரிக் கோப்பு உறை, அகலமான ஒட்டு நாடா, நூல், மானி பூட்டிய பம் ஆகியவை வேண்டும்.

தக்கை: போத்தல் கழுத்தின் உட்குறுக்களவு ஏறத்தாழ 21 மில்லிமீற்றர். அதற்குள் இறுக்கமாகச் செல்லும் தக்கையின் நடுவே துளையிட்டு வால்வைச் செருகுங்கள். வால்வோடு ஒட்டியிருக்கும் றப்பர்த் துண்டைச் சிறு வட்டமாக வெட்டி, அது போத்தலின் உட்பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். அப்போது உள்ளே ஏறும் அமுக்கமே அதைத் தக்கையோடு அழுத்திப் பிடிக்கும், காற்றுக் கசியாது. பம் பூட்டும் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். இந்த வேலையை ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்தால் இலகுவாகச் செய்து தருவார். பம்மின் குழாய் கட்டையாக இருந்தால், ஐந்து மீற்றர் நீளமான குழாயை மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள்.

முனை: ரொக்கெட்டில் போத்தல் தலைகீழாக, கழுத்து கீழே இருக்கும்படி நிற்கும். இரண்டாவது போத்தலின் மேற்பகுதியை வெட்டி, கழுத்தையும் நீக்கிவிட்டால் ஒரு கூம்பு கிடைக்கும். ரெனிஸ் பந்தை உள்ளிருந்து அந்தக் கூம்பின் வாயில் பாதி வெளியே தெரியும்படி இறுக்கி, கூம்பை முதலாவது போத்தலின் அடிப்பக்கத்தின் மேல் மாட்டி நாடாவால் ஒட்டுங்கள். பந்து முனைக்குப் பாரத்தைக் கொடுக்கும். விழும்போது யாரையும் குத்தாது. முனையில் ஆணியோ தகரமோ கல்லோ வைக்கக் கூடாது.

செட்டை: போத்தலைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, அந்த நீளத்தை மூன்றாக மடித்தால் மூன்று செட்டைக்குமான இடம் தெரிந்துவிடும். கோப்பு உறையை இரட்டையாக மடித்து, உள்ளங்கையளவு மூன்று செட்டைகள் வெட்டி, போத்தல் உடம்பின் கீழ்ப்பாகத்தில், கழுத்துப் பக்கமாக, நாடாவால் ஒட்டுங்கள். சூடான பசையும் உடனே பிடிக்கும் சுப்பர்ப் பசையும் போத்தலைப் பலவீனமாக்கும். நாடாவே நல்லது.

சுழற்றிப் பார்த்தல்

செய்து முடித்ததை உடனே பறக்கவிடக் கூடாது. வெறும் போத்தலை விரலில் வைத்து, அது சமநிலையாக நிற்கும் இடத்தைக் கண்டு, அவ்விடத்தில் நூலைக் கட்டி நாடாவால் ஒட்டுங்கள். இரண்டு மீற்றர் நூலில் பிடித்துத் தலைக்கு மேலாகச் சுழற்றுங்கள். முனை முன்னே வந்தால் அது வானத்திலும் நேராகப் போகும். புரண்டாலோ பின்பக்கம் முன்னே வந்தாலோ, செட்டையைப் பெரிதாக்குங்கள் அல்லது முனையின் பாரத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

இதன் காரணம் எளிது. பாரத்தின் நடுப்புள்ளி முன்னுக்கும், காற்றுப் பிடிக்கும் பரப்பு பின்னுக்கும் இருக்க வேண்டும். அம்பு செய்தவன் முனையில் இரும்பும் வாலில் இறகும் வைத்ததும் இதே காரணத்தால்தான்.

பறக்கவிடுதல்

இடமும் நேரமும் முக்கியம். எமது கரையில் கடற்காற்று எழுமுன் உள்ள காலை நேரமே நல்லது. கச்சான் வீசும் நாட்களில் விடவேண்டாம். அது போத்தலைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். கடலில் பிளாஸ்ரிக்கைச் சேர்ப்பது மீனவருக்கு நாம் செய்யும் தீங்கு. மின்கம்பி, வீதி, வீடு இல்லாத வெளியைத் தெரிவுசெய்யுங்கள். அறுவடை முடிந்த வயலும் பாடசாலை மைதானமும் நல்ல இடங்கள்.

தொடங்குமுன் ஒரு பிள்ளையை அனுப்பி அயல் வீடுகளுக்கு அறிவியுங்கள். தக்கை கழரும்போது "டப்" என்று ஓர் ஓசை வரும். அது சிறிய ஓசைதான். எனினும் அப்படிப்பட்ட ஓசைகேட்டு நெஞ்சு பதறும் அம்மாமாரும் உம்மாமாரும் அப்பாமாரும் எம்மிடையே உண்டு. அவர்களை அழைத்து வந்து முன்னே அமர்த்தி, நடப்பதைக் காட்டினால் இன்னும் நல்லது.

போத்தலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அரை லீற்றர், தண்ணீர் ஊற்றுங்கள். தக்கையைப் பேனாவால் கோடிட்ட அளவுக்கு அழுத்திச் செருகுங்கள். இரு பக்கமும் கல் அடுக்கி நடுவே இடைவெளி விட்டு, போத்தலின் தோள் அக்கற்களில் தங்கும்படி தலைகீழாக நிறுத்துங்கள். செட்டைகள் கல்லில் முட்டக் கூடாது. சாயாமல் இருக்கச் சுற்றிலும் மூன்று நேரான தடிகளை நட்டுக்கொள்ளுங்கள். தக்கையின் வால்வில் நீளமான கயிறு ஒன்றையும் கட்டிவையுங்கள்.

பம் அடிப்பவர் பெரியவராக இருக்கட்டும். அவர் ஐந்து மீற்றருக்கு அப்பாலும், மற்றவர்கள் பத்து மீற்றருக்கு அப்பாலும் நிற்க வேண்டும். பம் அடிப்பவர் கண்ணாடி அணிவது நல்லது. ஐந்திலிருந்து கீழ்நோக்கி எண்ணிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள். அமுக்கம் ஏறியதும் தக்கை தானாகக் கழரும். மானி 40 இறாத்தலைக் காட்டியும் எழாவிட்டால் நிறுத்திவிட்டு, தூரத்தில் நின்றே கயிற்றை இழுத்துத் தக்கையைக் கழற்றுங்கள். காற்றேறிய போத்தலின் அருகில் ஒருவரும் செல்லக் கூடாது, அதன்மேல் குனிந்து பார்க்கவே கூடாது. போத்தலில் வெள்ளைக் கோடோ மடிப்போ தென்பட்டால் அதை விலக்கிவிட்டுப் புதியதை எடுங்கள்.

ஏன் எழுகிறது?

நீரிறைக்கும் இயந்திரத்தை முடுக்கியவுடன் குழாயின் வாய் பின்னோக்கி உதைப்பதை விவசாயிகள் அறிவார்கள். படகிலிருந்து கரைக்குப் பாய்ந்தால் படகு பின்னே போகும் என்பதை மீனவர் அறிவார்கள். தாக்கம் ஒன்று இருந்தால் அதற்குச் சமமான எதிரான மறுதாக்கம் ஒன்று இருக்கும் என்று நியூற்றன் 1687இல் எழுதிவைத்த விதி இதுதான். போத்தல் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் போத்தலை மேலே தள்ளுகிறது.

அமுக்கம் 30 இறாத்தல் அளவில் இருக்கும்போது தக்கை கழன்றால், தண்ணீர் விநாடிக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறும். அந்தக் கணத்தில் போத்தலை மேலே தள்ளும் விசை, பதினைந்து கிலோ மூடையைத் தாங்கும் விசைக்கு ஒப்பானது. போத்தலும் தண்ணீரும் சேர்ந்து ஒரு கிலோகூட இல்லை. ஆகவேதான் கண் இமைக்குமுன் அது தென்னை உயரத்துக்குப் போய்விடுகிறது. தண்ணீர் வெளியேறி முடிய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே எடுக்கிறது. மிகுதி ஏற்றமெல்லாம் அந்தச் சிறு பொழுதில் பெற்ற வேகத்தினால்தான்.

இங்கே காற்றும் தண்ணீரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சக்தியைச் சேமித்து வைப்பது காற்று. தூக்கி எறியப்படும் பாரம் தண்ணீர். தண்ணீர் இல்லாவிட்டால் எறிய ஒன்றுமில்லை, போத்தல் சற்றுத் துள்ளி விழும். தண்ணீர் நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை, பாரத்தோடு கவிழும்.

அளந்து எழுதுங்கள்

பறக்கவிட்டுக் கைதட்டியதோடு நின்றுவிட்டால் அது விளையாட்டு. அளந்து எழுதினால் அது விஞ்ஞானம். தண்ணீர் இல்லாமல் ஒரு முறை, பின் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என மாற்றி, ஒவ்வொன்றையும் மூன்று முறை விடுங்கள். தண்ணீரைத் தவிர வேறெதையும் மாற்றாதீர்கள். தக்கையை அதே கோட்டுக்கு அழுத்துங்கள்.

உயரத்தை அளக்கப் பாகைமானி ஒன்றின் நடுவில் நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஏவும் இடத்திலிருந்து 20 மீற்றர் தள்ளி ஒரு பிள்ளை நின்று, பாகைமானியின் விளிம்பு வழியாக ரொக்கெட்டின் உச்சியைக் குறிபார்க்க வேண்டும். நூல் எவ்வளவு சரிந்தது என்பதிலிருந்து கோணம் தெரியும். அது 50 பாகை என்று வைத்துக்கொள்வோம். கொப்பியில் 2 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் என்ற அளவில் 10 சென்ரிமீற்றர்க் கோடு கீறி, ஒரு முனையில் 50 பாகைக் கோணமும் மறுமுனையில் செங்குத்துக் கோடும் வரைந்தால், இரண்டும் சந்திக்கும் உயரம் 12 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். அது ஏறத்தாழ 24 மீற்றர். பிள்ளையின் கண்மட்ட உயரத்தையும் கூட்டிக்கொண்டால் விடை வந்துவிடும். ஓ.எல். வகுப்புக்குப் போகாத பிள்ளையும் இதைச் செய்யும்.

வேலையைப் பங்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆண்பிள்ளைகள் போத்தலையும் பம்மையும் பிடித்துக்கொள்ள, பெண்பிள்ளைகள் எட்டநின்று பார்ப்பதே எமது வழக்கம். அதை மாற்றிக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் விண்ணுக்குச் சென்ற இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதியான இராவணா-1ஐ ஜப்பானில் பயின்ற இரண்டு இளம் இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவர் பெண். அந்தச் செய்மதியின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோதான்.

எவரும் பறிக்க முடியாத பொருள்

இடம்பெயரும் குடும்பம் கையில் எடுத்துச் செல்லக்கூடியது சொற்பம். வயலைக் கொண்டுபோக முடியாது, கிணற்றைக் கொண்டுபோக முடியாது, காய்க்கும் தென்னையைக் கொண்டுபோக முடியாது. உறுதிப் பத்திரம்கூடச் சிலவேளை நெருப்பிலும் வெள்ளத்திலும் போய்விடுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி பாண்டிருப்புக் கரைக்கு வந்த அலை, போரில் தப்பியவர்களிடமிருந்தும் மிச்சத்தை வாரிச் சென்றது. ஆனால் எந்த மாதம் எந்த நெல் விதைப்பது, வாய்க்காலின் மட்டம் எப்படிப் பார்ப்பது, வலையின் கண்ணை எப்படி முடிவது என்ற அறிவை அலை கொண்டுபோகவில்லை. கையால் கற்றது கையோடு வந்தது.

ஆயினும் வயலைவிட்டு வந்த குடும்பங்களில் ஒரு புதிய ஆபத்து இருக்கிறது. தகப்பன் வயலில் வேலைசெய்வதைப் பார்த்துப் பிள்ளை கற்ற காலம் போய்விட்டது. பார்க்க வயலில்லை. பிள்ளை புத்தகத்தில் மட்டும் கற்கிறது, பரீட்சை முடிந்ததும் மறக்கிறது. தானே செய்து, பிழைத்து, திருத்தி, மீண்டும் செய்து பார்க்கும் பழக்கமே குறைந்துபோகிறது. அந்தப் பழக்கத்துக்கு இந்தப் போத்தல் ஒரு சிறு வாசல். இதைச் செய்த பிள்ளை எல்லாம் விஞ்ஞானியாகும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று ஏன் நடக்கிறது என்று கேட்கவும், மாற்றிப் பார்க்கவும், அளந்து எழுதவும் பழகிய பிள்ளை, நாளை உர விற்பனையாளர் சொல்வதையும், அதிகாரி நீட்டும் படிவத்தையும், மேடையில் கேட்கும் வாக்குறுதியையும் அதே கண்ணோடு பார்க்கும்.

பெற்றோரே, வகுப்பு நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே, அடுத்த விடுமுறையில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாண்டிருப்புப் பிள்ளைகளோடு மருதமுனைப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். கடற்கரை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். போத்தல் எழும்போது எல்லோரும் ஒரே திசையில்தான் பார்ப்பார்கள்.

குழுக்களில் கலந்துரையாட

1. ரொக்கெட் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என்ன நினைவு வருகிறது? பிள்ளைகளுக்கு என்ன நினைவு வருகிறது? இரண்டையும் ஒன்றாக இருந்து பேசியிருக்கிறீர்களா?

2. தும்பா மக்களிடம் நிலம் கேட்கப்பட்டது. உங்கள் நிலம் எடுக்கப்பட்டபோது உங்களிடம் கேட்கப்பட்டதா? பொது நன்மைக்காக இடம்விடும் மக்களுக்கு அந்த நன்மையில் என்ன பங்கு இருக்க வேண்டும்?

3. உங்கள் தாய் தந்தையர் கையால் செய்து கற்ற எந்த வேலையை உங்கள் பிள்ளைகள் இன்னும் கற்கவில்லை? வயல் இல்லாத இடத்தில் அதை எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?